காட்டேரி நாட்டுப் பந்தி

வாசலில் வந்து நின்றவனை "வாங்க" என்று கூப்பிட்ட ஒரே குற்றத்துக்காக ஒரு நாடே அழிந்துபோகும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அழிந்தது. அதுவும் நான் ஆசை ஆசையாய்ப் படைத்த நாடு. காலையில் கணினியில் ஓடவிட்டோம். மத்தியானம் காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஊர் ஊராகக் கதவுகள் திறந்து கிடந்தன. உள்ளே ஒரு ஜீவன் இல்லை.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பெயர் மங்கையர்க்கரசி, ஆபீஸில் அரசி. கோபிப் பக்கம் பிறந்து, கோயம்புத்தூரில் கணினி விளையாட்டுகளுக்குக் கதை கட்டும் வேலை பார்க்கிறேன். கதை கட்டுவது என்றால் வசனம் எழுதுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். விளையாட்டுக்குள் ஒரு நாடு இருந்தால் அங்கே யார் ஆள்வது, எவன் உழுவது, எந்தச் சாமியைக் கும்பிடுவது, கல்யாணத்துக்கு என்ன சமைப்பது, எல்லாம் என் தலையில்தான் விடியும்.

அந்த வருஷம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எங்களிடம் கேட்டது ரத்தக் காட்டேரிகள் ஆளும் ஒரு நாடு. விளையாடுகிறவர்தான் காட்டேரிப் பிரபு. சாகாத உடம்பு, இருட்டில் ஆட்சி, குடிமக்களின் ரத்தம் ஆகாரம். நாடு நம்பும்படியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

எங்கள் முதலாளி தெய்வசிகாமணி ஆத்தூர்க்காரர். விஷயத்தைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அரசி, எங்க குலதெய்வமே காட்டேரிதான்மா. நாளைக்கு அவ வந்து ஏன்டா இப்படிப் பண்ணுனேன்னு கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன் சார். ஓசி விளம்பரம்னு சொன்னா ஒத்துக்குவா."

சிரித்தார். அப்போது சிரிக்க முடிந்தது.

மெஷினைப் பார்த்துக்கொள்வது இர்ஃபான், ஆம்பூர்ப் பையன் என்பார்கள், ஆனால் இரண்டு குழந்தைக்குத் தகப்பன். அவன் கண்டுபிடித்ததுதான் இந்தக் கதைக்கே ஆதாரம். மற்ற விளையாட்டுகளில் ஊர்ஜனங்கள் எழுதிவைத்த வசனத்தைச் சொல்லும் பொம்மைகள். இர்ஃபான் செய்த ஜனங்கள் ஒவ்வொருத்தருக்குள்ளும் ஒரு சின்ன மனசு இருந்தது. அது பார்க்கும், பயப்படும், கற்றுக்கொள்ளும், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். நாட்டைப் போட்டுவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்வோம். எங்களுக்கு ஒரு நாள் என்பது அவர்களுக்குத் தலைமுறைகள். நூறு வருஷம் அழியாமல் அதுவாக ஓடினால், நம்பும்படியான நாடு என்று பெயர்.

ஆரம்பத்திலேயே இர்ஃபான் ஒரு கேள்வி கேட்டான். "அக்கா, காட்டேரிக்குச் சாவு கெடையாது, பத்து ஆள் பலம். அப்புறம் மனுஷன் எப்படி மிச்சம் இருக்கான்? எல்லாரையும் குடிச்சுத் தீர்த்துட்டு அதுவும் பட்டினில காயாதா?"

"அதுக்குத்தான் வாசப்படி. கூப்பிடாம எந்த வீட்டுக்குள்ளயும் காட்டேரி கால் வெக்க முடியாது. அதை நாட்டோட சட்டமா போட்டுரு. கல்லு கீழ விழற மாதிரி, மீறவே முடியாத சட்டம்."

"சரி. ஜனங்களுக்குக் குணம் எங்கிருந்து எடுக்கறது?"

குணத்துக்கு நான் எங்கள் ஊரையே கொடுத்திருந்தேன். சொந்தபந்தத்தில் எல்லாரிடமும் கேட்டு, சீர், கெடா வெட்டு, எழவு, வளைகாப்பு என்று பேச்சும் பழக்கமுமாக எத்தனையோ மணி நேரம் பதிவு செய்து மெஷினுக்கு ஊட்டிவிட்டேன். வெளிநாட்டுக் கோட்டையும் மெழுகுவர்த்தியும் எனக்கு எதற்கு? நம் ஜனங்களையே காட்டேரி ஆண்டால் எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசை. அந்த ஆசையில்தான் மண் விழுந்தது.

நாடு எப்படி அழிந்தது என்று தெரிந்துகொள்ள, உள்ளே நடந்ததன் பதிவை ஓட்டிப் பார்த்தோம். பொழுது சாய்ந்த நேரம். ஒரு வீட்டு வாசலில் காட்டேரி வந்து நிற்கிறான். பல் வெளியே தெரிகிறது. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி எட்டிப் பார்க்கிறாள்.

"வாங்க, வாங்க. ஏன் வெளியவே நின்னுட்டீங்க? உள்ள வாங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

அவன் தண்ணீர் குடிக்கவில்லை.

இர்ஃபான் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சிரிக்காத. எங்க பக்கம் பங்காளிச் சண்டைக்கு வந்தவனையே வாங்கன்னு கூப்புட்டு உக்கார வெச்சுத்தான் திட்டுவோம். யாருமே வாங்கன்னு சொல்லாத ஊர்ல நீ பொறந்தியா?"

"எங்க ஊர்லயும் சொல்லுவோம் அக்கா. எங்க ஊர் ஜனத்தை வெச்சிருந்தா பிரியாணியும் போட்டிருப்பாங்க."

சரி, அந்தப் பழக்கத்தைப் பிடுங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். நாட்டை அழித்தோம். வாசலுக்கு வந்தவரைக் கூப்பிடாத ஜனங்களாகச் செய்து மறுபடி ஓடவிட்டோம். காட்டேரி உள்ளே போகவில்லைதான். வேறு யாரும்கூட உள்ளே போகவில்லை. பிரசவ வலியில் ஒருத்தி கத்துகிறாள், மருத்துவச்சி மூடிய கதவுக்கு வெளியே நிற்கிறாள். எழவு வீட்டில் பாடை தூக்க நாலு பேர் இல்லை. விதை நெல் தீர்ந்தவன் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை, போனாலும் கதவு திறக்காது என்று அவனுக்குத் தெரியும். ஒரு தலைமுறை தாண்டவில்லை. ஜனங்கள் தனித்தனியே செத்தார்கள், பிறகு காட்டேரிகளும் பசியில் காய்ந்தன.

அப்புறம்தான் இர்ஃபானுக்கு யோசனை வந்தது. "நாம திருத்தறதுக்குப் பதிலா அவங்களே கத்துக்கட்டும் அக்கா. ஒவ்வொரு தடவை அழிக்கறப்பவும் நெனப்பை மட்டும் அழிச்சுடறேன். கைப்பழக்கம், பயம், சுபாவம் இதெல்லாம் அடுத்த ஓட்டத்துக்கு அப்படியே போகட்டும்."

வாங்க என்று கூப்பிடும் பழக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓட்டினோம், அழித்தோம், ஓட்டினோம், அழித்தோம். எத்தனை தடவை என்று எண்ணுவதைச் சீக்கிரமே விட்டுவிட்டேன். சிலமுறை கொஞ்ச காலம் தாங்கினார்கள், சிலமுறை சட்டென்று முடிந்தது. ஒரு பொத்தானை அமுக்குவதில் என்ன இருக்கிறது? டீ குடித்துக்கொண்டே அமுக்குவோம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, இர்ஃபான் கூப்பிட்டான். "அக்கா, இங்க வாங்க. சத்தம் போடாம பாருங்க." நாங்கள் சத்தம் போட்டால் அவர்களுக்குக் கேட்காது. ஆனாலும் நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்த்தேன்.

செங்காட்டுப்பாளையம் என்று ஒரு ஊர். ஊருக்கு வெளியே, எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் சோளத்தட்டுப் பந்தல் போட்டிருந்தார்கள். நாலு பக்கமும் திறந்த பந்தல், வாசலும் இல்லை படியும் இல்லை. தரையைச் சாணம் தெளித்து மெழுகியிருந்தார்கள். பாய் விரித்து, வரிசையாக வாழையிலை போட்டு, ஒவ்வொரு இலையிலும் ஒரு வெண்கலக் கிண்ணம். பொழுது மயங்கியதும் காட்டேரிகள் வந்தார்கள். முன்னால் ராஜா மாறவேள். நான் வைத்த பெயர்தான்.

ஊர்ப் பெண்கள் எதிரே போய்க் கும்பிட்டார்கள். "வாங்க, வாங்க. உக்காருங்க. பசியோட வந்திருப்பீங்க."

வீட்டுக்குள் கூப்பிடவில்லை. ஆனால் கூப்பிட்டார்கள். ஒறம்பரையை, அதாவது வீட்டுக்கு வந்த விருந்தாளியை, எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே. அன்றைக்கு முறை வந்த வீட்டுக்காரர்கள் கருவேல முள்ளால் கையைக் கீறி, கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சி, சீக்காளி, குழந்தை, இவர்களுக்கு முறை கிடையாது. பெரிய பிரபுக்கள் எல்லாம் திருதிருவென்று முழித்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். குடித்தார்கள். ஒருத்தி கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பின்னாலேயே வந்து, "இன்னுங் கொஞ்சம் வெச்சுக்கங்க, கூச்சப்படாதீங்க," என்றாள்.

ராஜா எழுந்தான். பரிமாறிய பெண்ணின் கழுத்து அவனுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை பாதி உயர்ந்தது. கை அப்படியே நின்றது, பிறகு மடங்கியது, அவன் அவளைக் கும்பிட்டான்.

"இப்படி ஒரு சட்டம் நாம போடலையே," என்றேன்.

இர்ஃபான் ராஜாவின் மனசைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். "சட்டம் இல்ல அக்கா. காட்டேரியும் ஒரு காலத்துல மனுஷன்தானேன்னு, அதே மனசைத்தான் அவங்களுக்கும் வெச்சோம். பல்லும் பசியும் மட்டும் கூடச் சேர்த்தோம். உங்க ஊர்க் குணம் அவனுக்குள்ளயும் இருக்கு. சாப்பாடு போட்ட கையைக் கடிக்க அவனால முடியல."

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை," என்று நான் முணுமுணுத்தேன்.

"உப்பா?"

"விரல் வெட்டிக்கிட்டா வாயில வெச்சுப் பாத்ததே இல்லியா? ரத்தம் உப்புக் கரிக்கும்டா."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை வருஷக் காட்டேரிக் கதைகளில் யாருக்கும் தோன்றாதது, நாங்கள் டீ குடித்துக்கொண்டே அழித்தழித்துப் போட்ட இந்த ஜனங்களுக்குத் தோன்றியிருக்கிறது. திருடித் தின்கிறவனுக்கு இலை போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். உட்கார்ந்தவன் விருந்தாளி ஆகிவிட்டான். விருந்தாளிக்கு உள்ள வெட்கம் மானம் எல்லாம் அவன் தலையில் ஏறிவிட்டது.

அந்த நாடு அழியாமல் நின்றது. மற்ற ஊர்களும் பார்த்துப் பழகிக்கொண்டன. நூறு வருஷமும் தாண்டிப் போனது. தினமும் என்னத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்களோ என்று செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் ஆபீஸுக்கு ஓடுவேன். சாகாத காட்டேரிகள் இருட்டில் வாய்க்கால் வெட்டிக் கொடுத்தார்கள், எல்லையில் காவல் நின்றார்கள். ராஜா என்கிறோம், ஆனால் குடிமகன் ஒருத்தன் வீட்டுக்குள்கூட அவன் போக முடியாது. எழவு விழுந்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தால் மழையில் நனைந்துகொண்டு தெருவில் நிற்பான். எந்த ஊராவது இன்றைக்கு இலை போடவில்லை என்றால், ஏன் போடவில்லை, தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரிந்துகொள்ளும்வரை நாடு பூராவும் தலைகுனிந்து அலைவான். அதிகாரம் அவனிடம்தான். ஆனால் கரண்டி இவர்கள் கையில். இதைவிட நம்பும்படியான ஆட்சியை நான் வெளியுலகத்தில்கூடப் பார்த்ததில்லை.

தெய்வசிகாமணி சார் திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பார்த்தார். "ஏம்மா, என்னமா வாழறாங்க!" என்று அடிக்கொருதரம் சொல்லிக்கொண்டார்.

கம்பெனிக்காரர்களுக்குக் காட்டினோம். பாராட்டினார்கள். பாராட்டி முடித்துவிட்டு, பயம் எங்கே என்று கேட்டார்கள். விளையாட வருகிறவன் காட்டேரிப் பிரபு. கதவை உடைக்க வேண்டும், ஜனங்கள் அலறி ஓட வேண்டும், அவனுக்கு ரத்தம் சூடேற வேண்டும். பந்தியில் உட்கார்ந்து கிண்ணத்துக்குக் காத்திருக்க எவன் வருவான்? அந்தப் பந்தியை எடுத்துவிட்டு அடுத்த வாரம் காட்டுங்கள், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று முடித்தார்கள்.

சார் என்னை அறைக்குள் கூப்பிட்டார். முகம் செத்துப் போயிருந்தது. "எடுத்துரு அரசி."

"சார், அந்த நாடு நிக்கறதே அதுலதான்."

"தெரியும்மா. வெளிய எத்தனை குடும்பம் இந்த வேலையை நம்பி இருக்குன்னும் தெரியும். பேய்க்கு வாக்கப்பட்டாச்சு, புளியமரம் ஏறித்தான் ஆகணும்."

எடுப்பது எப்படி என்று இர்ஃபானிடம் கேட்டேன். அவன் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "இது உறைமோர் மாதிரி அக்கா. எல்லாப் பாலும் தயிராயிடுச்சு, இப்ப மோரை மட்டும் எப்படிப் பிரிச்சு எடுக்கறது? முதல்ல எந்தச் சட்டியில ஊத்தினாங்கன்னு கண்டுபிடிச்சா, அதுக்கு முந்தின நாளுக்கு நாட்டைத் திருப்பி, அங்கயே தடுத்துடலாம். செங்காட்டுப்பாளையத்துல ஒரு வீடு, அது வரைக்கும் தடம் தெரியுது. மீதியை உள்ள போய் அவங்ககிட்ட பேசித்தான் தெரிஞ்சுக்கணும்."

"அந்த நாளுக்கு அப்புறம் பொறந்தவங்க?"

"இருக்க மாட்டாங்க. இப்ப இருக்கற யாருமே இருக்க மாட்டாங்க."

அவர்களைச் செய்தவள் நான். அதனால் நான்தான் போக வேண்டும். கணினிக்குள் போவதற்கென்று இருக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இர்ஃபான் நாட்டின் ஓட்டத்தை நம் வேகத்துக்கு நிதானமாக்கினான். உள்ளே போகிறவருக்கு ஒரு உடம்பு வேண்டும். விளையாடுகிறவர்களுக்கென்று செய்து வைத்த உடம்பு ஒன்றுதான் இருந்தது, காட்டேரிப் பிரபுவின் உடம்பு. பகல் வெயில் சுடாதபடி மாற்றி, போகிறவரின் முகமே அதற்கு வரும்படி வைத்து, என்னை அதற்குள் இறக்கிவிட்டான்.

நல்ல உச்சிவெயில். தெருவில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு வாசலுக்குப் போய் நின்றேன். சும்மா உள்ளே காலை வைக்கப் பார்த்தேன், முடியவில்லை. நான் போட்ட சட்டம் என்னையே நிறுத்திவிட்டது.

ஒரு பெண் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என் வயசுதான் இருக்கும். பாவாத்தாள் என்று பெயர். இர்ஃபான் காதில் சொன்னான். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பகலில் வந்து நிற்கும் காட்டேரியை அந்த நாட்டில் யாரும் பார்த்ததில்லை. அவள் பயப்படவில்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்த ஆளைப் பார்ப்பதுபோல ஒரு பெருமூச்சு விட்டாள்.

"வாங்க. வந்துட்டீங்களா. பந்தலுக்குப் போலாம் வாங்க."

பின்னாலேயே போனேன். பந்தலில் இலைகள் இன்னும் போடவில்லை, சாயங்காலம்தான் போடுவார்கள். ஆனால் வரிசைக்குக் கடைசியில், கொஞ்சம் தள்ளி, ஒரே ஒரு தலைவாழை இலை. அன்றைக்கு அறுத்தது, பச்சைப் பசேல் என்றிருந்தது. ஒரு பக்கம் சோறும் பருப்பும், ஒரு பக்கம் வெண்கலக் கிண்ணம்.

"இது யாருக்குங்க?"

"உங்களுக்குத்தானுங்க. தெனமும் போடறோம். இன்னைக்குத்தான் வந்திருக்கறீங்க."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க." இலையோரம் வந்த எறும்பை ஊதிவிட்டாள். "ராஜாவும் பிரபுக்களும் ஆளாளா உசுரை எடுத்தவங்க. எங்களுக்குத் தெரியாத இன்னொருத்தரு இருக்கறாங்க, அவங்க எடுத்தா ஊரோட எடுத்துருவாங்க. இதை யாரும் எங்களுக்குச் சொல்லலைங்க. பொறந்ததுல இருந்து வயித்துக்குள்ள ஒரு பயமா இருக்குதுங்க. அடுப்புல உலை வெச்சிருப்போம், அது கொதிக்கறதுக்குள்ள நாங்களும் இருக்க மாட்டோம், ஊரும் இருக்காதுன்னு திடீர்னு தோணும். என்ற அம்மாளுக்கும் தோணுமாம். எல்லாத்துக்கும் தோணுது. இத்தனை பேருக்கும் தோணுச்சுன்னா அது பொய்யா இருக்குமுங்களா?"

நினைப்பை அழித்தோம், பயத்தை விட்டுவைத்தோம். நாங்கள் அமுக்கிய ஒவ்வொரு பொத்தானும் இவர்கள் வயிற்றில் அப்படியே கிடக்கிறது. காட்டேரி காட்டேரி என்று அந்த மாறவேளைச் சொன்னேனே, அவன் எங்கே, நான் எங்கே! அவன் பசித்தபோது ஒருவரைக் குடித்தான். நான் பசியே இல்லாமல் ஒவ்வொரு தடவையும் ஒரு நாட்டைக் குடித்திருக்கிறேன்.

"உங்களை எடுக்கறவங்களுக்கு இவ்வளவு பண்ணறீங்களே," என்றேன்.

"எடுக்கறவங்களுக்கும் பசிதானுங்களே? இல்லாட்டி எதுக்கு எடுக்கறாங்க? உங்களுக்கு என்ன புடிக்கும்னு தெரியலீங்க. அதான் ரத்தமும் வெச்சோம், சோறும் வெச்சோம்."

எதற்கு வந்தேனோ அதைக் கேட்டுவிட வேண்டும் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "இந்தப் பழக்கத்தை முதல்ல யாருங்க ஆரம்பிச்சாங்க?"

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "வந்தவங்களுக்கு எலை போடறதை யாராச்சும் ஆரம்பிப்பாங்களாங்க? உக்காருங்க. ஆறிப்போகுது."

"பசியில்லைங்க."

"ஒரு வாய். ஒரு வாய் தின்னுபோட்டுப் போங்க."

உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காட்டேரிகளின் மனசு எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்தும் என் ஜனங்களிடமிருந்தும் போனதுதானே! உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைக்க எங்களுக்குப் பழக்கமில்லை. எழுந்து ஓடிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் சோற்றை வைத்துக்கொண்டு ஒருத்தி எதிரே நிற்கும்போது எப்படி எழுவது? சம்மணம் போட்டேன். பருப்பைப் பிசைந்தேன். கண்ணாடிக்கு நாக்கு இல்லை, ருசி ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாய் தின்றேன். கண்ணாடிக்குள் கண்ணீர் தேங்கி இலையே மங்கிப்போனது.

அவள் பந்தலுக்கு வெளியே திரும்பி, வரப்பில் நின்றிருந்த தன் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏனுங்க! சாப்புட்டுட்டாங்க! பனங்கொட்டையை எடுத்துட்டு வாங்க, போட்டறலாம்!"

"பனங்கொட்டையா?" என்றேன்.

"தென்னைய வெச்சவன் தின்னுட்டுச் சாவான், பனைய வெச்சவன் பாத்துட்டுச் சாவான்னு சொல்லுவாங்களேங்க. ஓடைக்கரையில தானா நிக்கறதைத் தவிர எங்க ஊர்ல பனையே கெடையாதுங்க, யாரும் போட்டதில்லை. நாளைக்கு இருப்பமோ இல்லியோன்னு இருக்கறவங்க அதைப் போட்டு என்னங்க பண்ணறது?"

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். ராகி, தட்டைப்பயறு, கீரை. எல்லாம் சீக்கிரம் கைக்கு வருகிற வெள்ளாமை. தூரத்து ஓடைக்கரையில் நாங்கள் ஆதியில் வைத்த பனைகள் மட்டும் நின்றன. நாடு பூராவும் ஜனங்கள் கைப்பட வைத்த ஒரு பனைமரம் இல்லை. இத்தனை காலம் பார்த்துக்கொண்டிருந்த நான் இதைக் கவனிக்கவே இல்லை.

கண்ணாடியைக் கழற்றினேன். சார் வந்து நின்றிருந்தார்.

"எங்க ஆரம்பிச்சுதுன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சாலும் என்னால முடியாது சார்."

"ஏன்?"

"சாப்பிட்டுட்டேன்."

அவர் கோபக்காரர் அல்ல. அன்றைக்குக் கத்தினார். "வெளையாட்டாம்மா இது? உள்ள இருக்கறது வெறும் மின்சாரம். வெளிய இருக்கறவங்க வயித்துக்கு நான் பதில் சொல்லணும். உனக்கு மனசு எளகிப் போச்சு, சரி. நகரு, நானே போய்க் கேட்டுட்டு அழிக்கறேன்." என் கையிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார். நாட்டைத் திருப்பி அழிக்கும் பொத்தானை இர்ஃபான் அவர் கைக்கருகில் நகர்த்தி வைத்தான். நாங்கள் இரண்டு பேரும் திரையைப் பார்த்தோம்.

சார் பந்தலில் போய் நின்றார். பாவாத்தாள் என் இலையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு ஆளைக் கண்டதும் அவள் முகம் ஒரு நொடி வெளிறிப்போனது. உடனே சமாளித்துக்கொண்டாள்.

"வாங்க, வாங்க. இன்னொருத்தரும் இருக்கறீங்கன்னு தெரியாமப் போச்சுங்க. கோவிச்சுக்காம உக்காருங்க, எலை அறுத்துட்டு வரச் சொல்றேன்."

அவர் உட்காரவில்லை. விறைப்பாக நின்றார். வெளியே வரப்பு நெடுக ஊரே திரண்டிருந்தது. ஆண்கள் கடப்பாரையால் குழி போட, பெண்கள் கொட்டையை வைத்துக் காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டு போனார்கள். யாரோ ஒருத்தி குலவை போட்டாள். திருவிழா மாதிரி இருந்தது.

"என்னம்மா பண்றாங்க?" என்றார் சார்.

"பனை போடறாங்க சாமி."

"பனையா? இது காய்க்கறதுக்குள்ள நீயெல்லாம் போயிருவியே."

"நான் எதுக்குங்க?" என்றாள். "அப்ப யாராச்சும் இருப்பாங்கல்லங்க?"

அவள் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அது கேள்வியாகிவிட்டது. கேட்டுவிட்டு, மடித்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்கு நின்றாள்.

சாரின் கை பொத்தான்மேல் இருந்தது. நானும் இர்ஃபானும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் கையை எடுத்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கைக்குட்டையால் முகம் துடைத்தார்.

"இர்ஃபான், பனை காய்க்க எத்தனை வருஷம் ஆகும்?"

"பதினஞ்சு, இருபது ஆகும் சார்."

"அது வரைக்கும் மெஷினை யாரும் தொடக்கூடாது."

"அதுக்கப்புறம் சார்?"

"அதுக்கப்புறமும்."

போன் அடித்தது. கம்பெனிக்காரர்கள்தான். சார் எழுந்து, என்ன சொல்லலாம் என்று எங்கள் இருவரையும் பார்த்தார். போனை எடுக்கப் போனவர் பாதி வழியில் நின்றுவிட்டார்.

"அந்தம்மாவுக்கு நான் பதிலே சொல்லாம வந்துட்டேன். இன்னும் நின்னுட்டிருக்கும்," என்று திரும்பி வந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். போன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.